முதல் ஹாட் ராட்: மாடல் ஏ ரோட்ஸ்டரிலிருந்து தொடங்குவது எப்படி?

ஹாட் ராட், அதாவது வேகத்துக்காகத் திருத்திக் கட்டிய பழைய கார், என்றதும் நெருப்பு பெயிண்டும் குரோம் பளபளப்பும் ஞாபகத்துக்கு வந்தால், அதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. பழைய பாணி ஹாட் ராட் வளர்ந்த இடம் தெற்கு கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகள். மியூராக், எல் மிராஜ் போன்ற இடங்களில் அதிகம் காசில்லாத பையன்கள் பழைய ஃபோர்டு ரோட்ஸ்டரை (நிலையான கூரை இல்லாத கார்) மலிவாக வாங்கி, மட்கார்டு, பம்பர், விண்ட்ஷீல்டு என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு வேகம் பார்த்தார்கள். அந்த ஓட்டங்களை முறைப்படுத்த 1937-இல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்களால் இது இன்னும் சூடுபிடித்தது. 1949-இல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்பு வெளியில் முதல் ஸ்பீடு வீக் என்ற வேக ஓட்ட வாரம் நடந்தது.

இதில் பெரும்பாலும் ஃபோர்டுதான் கண்ணில் படும். அதற்குக் காரணம் ஹென்றி ஃபோர்டின் பிடிவாதம். 1928 முதல் 1948 வரை அவருடைய கார்களின் அடிப்படை அமைப்பு மாறவே இல்லை. முன்னும் பின்னும் குறுக்கே போட்ட ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், இரும்புத் தண்டு போன்ற முன் ஆக்ஸில், அதைப் பிடித்துக்கொள்ள ‘வி’ வடிவத் தண்டான விஷ்போன். அதனால் 1940 மாடலின் பிரேக்கைச் சின்னச் சின்ன வேலையோடு 1928 மாடலில் மாட்டிவிடலாம். முதல் முறையாகக் கார் கட்டுபவருக்கு நான் சொல்வது இதுதான்: இந்த இருபது வருட ஃபோர்டு பாகங்களைவிட்டு முடிந்தவரை வெளியே போகாதீர்கள். புதுமை செய்யப் போன முதல் கார்கள்தான் பாதியில் நின்று ஷெட்டில் துருப்பிடிக்கின்றன.

படி 1: ஒரு வருடத்தை முடிவு செய்யுங்கள்

உங்கள் கார் எந்த வருடத்தில் கட்டப்பட்டது போல் இருக்க வேண்டும்? 1950 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1955-இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் இன்ஜின் கிடையாது, டிஸ்க் பிரேக் கிடையாது, பளபளக்கும் அலுமினிய வீல் கிடையாது. பார்க்கும் பாகமெல்லாம் ஆசை காட்டும்போது இந்த ஒரு விதி பணத்தை மிச்சப்படுத்தும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதுவும் உயிரைக் காக்கும் விஷயத்தில், விதியை மீறலாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

தொடக்கக்காரருக்கு என் சிபாரிசு ஃபோர்டின் 1928–29 மாடல் ஏ ரோட்ஸ்டர். 1932 ஃபோர்டுதான் எல்லோருடைய கனவும். ஆனால் அதன் விலையும் கனவில் வருகிற விலைதான்.

படி 2: காகிதம் முதலில், தகரம் பிறகு

மாடல் ஏ-வின் எண் இன்ஜின் பிளாக்கிலும், ஃப்ரேமின் இடது பக்க மேற்புறத்திலும் அடிக்கப்பட்டிருக்கும். ஃப்ரேமில் உள்ளதை பாடி மறைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் அந்த இன்ஜினைத் தூக்கிவிட்டு வேறு மாட்டப் போகிறீர்கள். ஆகவே உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஃப்ரேமில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உங்கள் மாநில வாகனத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களை மாற்றும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. அங்கே ரோட்டில் ஓட்டும் எண்ணத்தோடு இதைத் தொடங்க வேண்டாம்.

பாடியைப் பார்க்கும்போது கதவின் அடிப்பகுதி, கவுலின் (விண்ட்ஷீல்டுக்கு முன்னுள்ள பாடிப் பகுதி) அடி, பாடி உட்காரும் சப்ரெயில் ஆகிய மூன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே நொறுங்கினால் அந்த விலை குறைவு நிஜமான குறைவு இல்லை. ஒஹாயோவில் உள்ள புரூக்வில் ரோட்ஸ்டர் என்ற நிறுவனம் மாடல் ஏ பாடிகளைப் புதிய ஸ்டீலில் அச்சடித்து விற்கிறது. டிங்கரிங் தெரியாதவருக்கு அது நிம்மதி. பழையதுதான் வேண்டும் என்றால், ஃப்ரேமிலிருந்து தூக்குவதற்கு முன் உள்ளே குறுக்குக் கம்பிகளை வெல்டு செய்யுங்கள். ரோட்ஸ்டர் பாடி மூடியில்லாத அட்டைப்பெட்டி மாதிரி. கூரை இல்லாததால், நிறுத்திப் பிடிக்காமல் தூக்கினால் நடுவில் தொங்கிவிடும், அப்புறம் கதவு மூடாது.

படி 3: ஃப்ரேமும் நிற்கிற அழகும்

மாடல் ஏ ஃப்ரேம் 40 குதிரைத்திறன் இன்ஜினுக்காகச் செய்த மெல்லிய தகட்டுச் சட்டம். நடுவே ‘ப’ போல ஒரு பக்கம் திறந்திருக்கும். 100 குதிரைத்திறன் வி8 மாட்டினால் முறுக்கிக்கொள்ளும். திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடி வெல்டு செய்ய வேண்டும். ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் சட்டம் வாழைப்பழமாக வளையும். வேலை முழுக்க ஃப்ரேம் சமமான ஸ்டாண்டுகள் மேல் இருக்கட்டும். மூலைக்கு மூலை குறுக்கு அளவு இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று அவ்வப்போது டேப் பிடித்துப் பாருங்கள்.

எதையும் முழுதாக வெல்டு செய்யும் முன், சக்கரம், ஆக்ஸில், காலி இன்ஜின் பிளாக், பாடி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, பின்பக்கம் பெரிய டயரோடு நிமிர்ந்து நிற்க வேண்டும். 16 அங்குல ஸ்டீல் வீலில் முன்னே 5.00, பின்னே 7.00 அகல டயர் என்றால் அந்தக் காலத்துத் தோற்றம் தானாக வரும். இந்த நிலையில் ஒரு வாரம் கூட ஆகட்டும், தப்பில்லை. பிறகு வெட்டி ஒட்டுவதைவிட மேல்.

படி 4: முன் ஆக்ஸிலும் ஸ்டீயரிங்கும்

பொறுமை அதிகம் வேண்டிய இடம் இது. கார் நேராகப் போவதா, ரோட்டில் அலைபாய்வதா என்பது இங்கேதான் முடிவாகிறது.

முன்பக்கத்தைத் தாழ்த்த, நடுவே கீழே வளைந்த ‘டிராப்டு’ ஆக்ஸில் போடுவார்கள். 4 அங்குலம் இறங்கியது நல்ல தொடக்கம். வி8 கியர்பாக்ஸுக்கு இடம்விட, நடுவில் ஒரே புள்ளியில் பிடித்திருந்த விஷ்போனை இரண்டாக வெட்டி, முனைகளை ஃப்ரேமின் இரு பக்கத்திலும் மாட்டுவது வழக்கம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது, பிரித்த விஷ்போன் ஆக்ஸிலை முறுக்கப் பார்க்கும். அடித்துச் செய்த ஐ வடிவ ஆக்ஸில் அந்த முறுக்கைக் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும். குழாய் ஆக்ஸில் ஏற்காது, பிடித்துவைத்த இடங்களில் பாரத்தைத் தள்ளிவிடும். எனவே பிரித்த விஷ்போன் என்றால் ஐ ஆக்ஸில்தான்.

அடுத்தது கேஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் பின்பக்கமாகச் சாயும் கோணம். வண்டியை அது நிற்க வேண்டிய உயரத்தில் நிறுத்தி, கிங்பின்னுக்கு இணையான சமதளத்தில் கோணமானியை வையுங்கள். 5 முதல் 7 டிகிரி வர வேண்டும். குறைந்தால் ஹைவேயில் ஸ்டீயரிங் அலையும். விஷ்போன் முனைகளைப் பிடிக்கும் தாங்கியை டாக் வெல்டோடு (தற்காலிகமாக ஓரிரு புள்ளியில் வைக்கும் வெல்டு) விட்டு, இந்த அளவைப் பார்த்த பிறகே முழு வெல்டு. டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கமாகச் சற்றே உள்நோக்கியிருக்கும் அளவு. இதைச் சாதாரண டேப்பால் பார்க்கலாம். டயரின் நடுக்கோட்டில் சாக்பீஸால் குறி போட்டு, முன்பக்க அளவையும் பின்பக்க அளவையும் எடுங்கள். முன்பக்கம் 1/8 அங்குலம் வரை குறைவாக இருந்தால் சரி.

ஸ்டீயரிங் பாக்ஸுக்கு 1948–52 ஃபோர்டு எஃப்-1 லாரியினுடையது நன்றாகப் பொருந்தும், பலமாகவும் இருக்கும். அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், விஷ்போனோடு கிட்டத்தட்ட இணையாக ஓட வேண்டும். இரண்டும் வேறு வேறு வளைவில் ஆடினால், ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

ஒரு கட்டளை: ஸ்பிண்டில், ஸ்டீயரிங் ஆர்ம், ஆக்ஸில் ஆகியவற்றில் நீங்களே வெல்டிங் செய்து பழகாதீர்கள். பழைய பாகங்களை விரிசல் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொரு காசில் நட்டிலும் (கோட்டைச் சுவர் போல மேலே பல் வெட்டிய நட்டு) அது கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் இருக்கிறதா என்று கடைசியில் ஒரு தடவை விரலால் தொட்டுப் பாருங்கள்.

படி 5: பிரேக்

மாடல் ஏ-வில் கம்பி இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். ஃபோர்டு ஹைட்ராலிக்குக்கு மாறியது 1939 மாடலில்தான். 1940 முதல் 1948 வரை வந்த டிரம் பிரேக் செட்டை வாங்கி மாட்டுங்கள். நான்கு சக்கரத்துக்கும் போதும்.

விதியை மீறும் இடம் இது. அந்தக் கால மாஸ்டர் சிலிண்டரில் அறை ஒன்றே ஒன்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போச்சு. தரைக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் வைத்துவிடுங்கள். அது சக்கர சிலிண்டர்களைவிடத் தாழ்வாக இருப்பதால், எண்ணெய் திரும்பி வடியாமல் இருக்க டிரம் பிரேக் வரிசையில் 10 பி.எஸ்.ஐ. தங்கு வால்வு (ரெசிடுவல் வால்வு) தேவை. சீட் பெல்ட்டும் போட்டுவிடுங்கள். பழைய பாணி என்று இதில் பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

படி 6: பின் ஆக்ஸிலும் கியர்பாக்ஸும்

பழைய ஃபோர்டில் டிரைவ் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கும். சக்கரம் வண்டியைத் தள்ளும் விசையே அந்தக் குழாய் வழியாகத்தான் முன்னே வரும். 1940 மாடலின் பின் ஆக்ஸிலை மாட்டுவதானால், அந்தக் காரின் முன்-பின் சக்கர இடைவெளி 112 அங்குலம், மாடல் ஏ-வுக்கு 103.5. எனவே அந்தக் குழாயையும் ஷாஃப்ட்டையும் லேத்துப் பட்டறையில் கொடுத்துக் குறைக்க வேண்டும். இன்னொன்று, மாடல் ஏ-வில் பின் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு நேர் மேலே. 1932 மாடல் முதல் அது ஆக்ஸிலுக்குப் பின்னால் போய்விட்டது. குறுக்குச் சட்டம் வாங்கும் முன் இதைச் சரிபார்க்கவும். கியர்பாக்ஸுக்கு 1939 மாடல் மூன்று கியர் பெட்டி போதும்.

படி 7: ஃப்ளாட்ஹெட் வி8

1932-இல் 221 கன அங்குலம், 65 குதிரைத்திறனோடு வந்த, வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் இந்த இன்ஜின்தான் ஹாட் ராடின் உயிர். நமக்கு ஏற்றது பிந்தைய 239 கன அங்குல வகை, அதாவது ஏறக்குறைய 3.9 லிட்டர், 100 குதிரைத்திறன். இதில் 59ஏ, 8பிஏ என்று இரண்டு. 59ஏ-வில் கியர்பாக்ஸ் மாட்டும் பெல் ஹவுசிங் பிளாக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். 1949 முதல் கார்களில் வந்த 8பிஏ-வில் தனி. பழைய கியர்பாக்ஸை 8பிஏ-வோடு சேர்க்க அடாப்டர் வேண்டும் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

வாங்குவதற்கு முன் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மெல்லிய கோடாக விரிசல் ஓடுகிறதா? போல்ட் துளைகளைச் சுற்றி? கண்ணுக்குப் பட்டாலே வேண்டாம். படாவிட்டாலும் மேக்னாஃப்ளக்ஸ் (காந்தத்தால் விரிசல் கண்டுபிடிக்கும் சோதனை), தண்ணீர் அழுத்தச் சோதனை இரண்டும் முடிந்த பிறகுதான் சிலிண்டரைக் கடையும் போரிங் செலவு.

இந்த இன்ஜின் சூடாகும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். காரணம் இருக்கிறது. புகை வெளியேறும் வழிகள் பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர் அறைகளின் நடுவே சுற்றி வெளியே வருகின்றன. ஒவ்வொரு பக்கமும் நடு இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே வாசல். புகையின் சூடெல்லாம் தண்ணீருக்குப் போகிறது. ஆனால் பல வண்டிகளில் பிரச்சினை தண்ணீர் அறைக்குள் தங்கிவிட்ட துருவும் வார்ப்பு மணலும்தான். பிளாக்கைக் கம்பியால் குத்தி, கழுவி, மறுபடி குத்திக் கழுவுங்கள். நல்ல ரேடியேட்டர், இரண்டு சரியான தண்ணீர் பம்புகள், ரேடியேட்டருக்கு நெருக்கமாகச் சுழலும் விசிறி. இவ்வளவு இருந்தால் ஊர்வலத்தில்கூட ஓடும்.

இரண்டு ஸ்ட்ரோம்பர்க் 97 கார்பரேட்டர் பார்க்க அழகுதான். ஆனால் முதலில் ஒன்றோடு ஓட்டிப் பழகுங்கள். 97-க்கு 2.5 முதல் 3 பி.எஸ்.ஐ. பெட்ரோல் அழுத்தம் போதும். மின்சாரப் பம்ப் வைத்தால் அழுத்தம் குறைக்கும் வால்வு கட்டாயம், இல்லையென்றால் பொங்கி வழியும். ஸ்பார்க் பிளக் வயர் மாட்டும்போது எரியும் வரிசை 1-5-4-8-6-3-7-2. வலது பக்கம் 1 முதல் 4, இடது பக்கம் 5 முதல் 8.

படி 8: மிச்சம்

வயரிங் சுலபம். ஃபோர்டு 1955 வரை 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். அதை அப்படியே வைத்தால் தடித்த பேட்டரி கேபிள் போடுங்கள். 12 வோல்ட்டுக்கு மாற்றினால் பல்பு, காயில், மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்தே யோசியுங்கள்.

மாடல் ஏ-வின் பெட்ரோல் டேங்க் கவுலுக்குள், ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. பெட்ரோல் தானாகவே கீழே வடிந்து கார்பரேட்டருக்குப் போகும் ஏற்பாடு அது. வி8 மாட்டினால் அதைக் காலி செய்து, பின்னால் புது டேங்க் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பாடியை உட்காரவைக்கும்போது கதவு இடைவெளி சீராக வராவிட்டால் கதவோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஃப்ரேமுக்கும் பாடிக்கும் நடுவே மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.

படி 9: பெயிண்டுக்கு முன் ஓட்டுங்கள்

வெறும் தகரமாகவே ஓட்டுங்கள். புது கேம் ஷாஃப்ட் என்றால் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல் சுமார் 2000 ஆர்.பி.எம்.-இல் இருபது நிமிடம். துத்தநாகச் சேர்க்கை உள்ள எண்ணெய் ஊற்றுங்கள். பிறகு தெருவை ஒரு சுற்று, வீட்டுக்கு வந்து பிரேக் குழாய்களில் ஈரம் பார்ப்பது, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குவது. அடுத்தது நீண்ட ஓட்டம்.

எது உரசுகிறது, எந்தத் தாங்கி விரிசல் விடுகிறது, எந்தப் பெடல் முழங்காலில் இடிக்கிறது என்பதெல்லாம் சில நூறு மைலில் தெரிந்துவிடும். அதையெல்லாம் வெட்டி, ஒட்டி, துளையிட்டு முடித்த பிறகு மொத்தமாகப் பிரித்து பெயிண்டுக்குக் கொடுங்கள். நிறம் உங்கள் இஷ்டம். 1950 விதியைக் கேட்டால் கறுப்பு பாடி, சிவப்பு சக்கரம் என்று சொல்லும்.