கோழிக்கு வயிறு சரியில்லன்னா நாம அவசரத்துல பண்ற தப்புகள்

வீட்ல நாலஞ்சு நாட்டுக்கோழி வளர்க்குற எல்லாருக்கும் இது பழக்கமான காட்சிதான். காலைல பஞ்சாரத்த தூக்குனா மத்ததெல்லாம் குப்பைமேட்டுக்கு ஓடுது, ஒண்ணு மட்டும் இறக்கைய தொங்கப்போட்டு, உடம்ப உப்ப வச்சுக்கிட்டு, கண்ண மூடிட்டு ஓரமா நிக்குது. பின்பக்கம் இறகெல்லாம் எச்சம் ஒட்டிக் கெடக்கு. பாத்த உடனே மனசு பதறிடும், கைல கிடைச்சத எடுத்து வாயில ஊத்திடுவோம். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வீட்ல மிச்சம் கெடக்குற மாத்திரைன்னு எதையாவது. நானும் அப்படித்தான் பண்ணேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கருப்பு பெட்டைக்கு, நல்லா முட்டை வச்சுட்டிருந்த கோழி அது, கழுத்துக்கு கீழ தின்னது சேர்ற இரைப்பை வீங்கியிருக்குன்னு வாய பொளந்து ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய மடமடன்னு ஊத்துனேன். தலைய உதறுச்சு, ரெண்டு தடவ இருமுன மாதிரி சத்தம், மூக்கு வழியா எண்ணெய் நுரைச்சுட்டு வந்துச்சு, அப்புறம் பத்து நிமிஷம் கூட இல்ல. கால்நடை மருந்தகத்துக்கு தூக்கிட்டுப் போனப்ப டாக்டர் அறுத்துக் காமிச்சாங்க. இரைப்பைக்குள்ள காஞ்ச புல்லும் நீல கலர் நைலான் கயிறு நாரும் சேந்து பந்து மாதிரி முறுக்கிக் கெடந்துச்சு. அது கோழிய அன்னைக்கு கொல்லல, நான் ஊத்துன எண்ணெய்தான் நுரையீரல்ல போயிருந்துச்சு. அன்னையில இருந்து யாரு கேட்டாலும் இத சொல்லாம விடுறதில்ல.

ஒரு நல்ல கோழிய புடிச்சு வாய தொறந்து பாருங்க, நாக்குக்கு பின்னாடியே ஒரு சின்ன பொளவு தொறந்து தொறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாய் வாசல். நமக்கு இருக்குற மாதிரி அதுக்கு மேல மூடி கிடையாது. தலைய பின்னாடி சாய்ச்சு ஊத்துனா பாதி நேரா அந்த பொளவுக்குள்ளதான் போகும். அதனால எந்த மருந்தா இருந்தாலும் சிரிஞ்சுல, ஊசிய கழட்டிட்டு, அலகோட ஓரத்துல ஒரு சொட்டு வைக்கணும், அது முழுங்குறத கண்ணால பாத்துட்டு அடுத்த சொட்டு. அஞ்சு மில்லி கொடுக்க பத்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். தலை தொங்கிப்போய் முழுங்கவே தெம்பில்லாத கோழிக்கு வாய் வழியா எதுவும் ஊத்தாதீங்க, முதல்ல சூடு கொடுங்க.

சூடுன்னு ஏன் சொல்றேன்னா, கோழியோட உடம்பு சூடு சாதாரணமாவே 41, 42 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும், நம்மள விட நாலஞ்சு டிகிரி அதிகம். தின்னாத கோழியால அந்த சூட்ட தக்க வச்சுக்க முடியாது, அதான் இறக்கைய உப்ப வச்சுட்டு நிக்குது. சூடு இறங்குனா குடலும் ஓடாது. இது தெரியாம நாம கழிச்சல் ஒட்டியிருக்குன்னு தண்ணிய ஊத்தி கழுவிட்டு ஈரத்தோட நிழல்ல விட்டுருவோம். கழுவணும்னா வெதுவெதுப்பான தண்ணில பின்பக்கம் மட்டும் கழுவி, துணியால ஒத்தி எடுத்து, ஒரு அட்டைப்பெட்டில சாக்கு விரிச்சு, ஒரு மூலைல குண்டு பல்பு 40 வாட்ஸ் தொங்கவிட்டு உள்ள வைங்க. பெட்டி பெருசா இருக்கணும், சூடு அதிகமானா கோழி அந்தப்பக்கம் தள்ளி உக்கார எடம் வேணும். நல்ல வெயில் காலத்துல பல்பு வேணாம், காத்து அடிக்காத எடம் போதும்.

அடுத்த பெரிய தப்பு, என்ன நோய்னு பாக்காமலே "கழிச்சல்"னு ஒரே பேரு வச்சு ஒரே மருந்து கொடுக்குறது. எச்சத்த குனிஞ்சு பாக்க அருவருப்பா இருக்கும், ஆனா அதுலதான் பாதி விஷயம் இருக்கு. நல்ல கோழி எச்சம் கெட்டியா, மேல வெள்ளையா ஒரு தொப்பி போட்ட மாதிரி இருக்கும். அந்த வெள்ளை அதோட மூத்திரம், அதப் பாத்து வெள்ளைக்கழிச்சல்னு பயந்து ஓடுறவங்க நிறைய பேரு. எட்டு பத்து எச்சத்துக்கு ஒண்ணு காப்பி கலர்ல, களி மாதிரி கொழகொழன்னு, பயங்கர நாத்தமா போடும், அதுவும் சாதாரணம்தான், குடல்வால்ல இருந்து வர்றது. சித்திரை வைகாசி வெயில்ல தண்ணிய குடிச்சுட்டே இருக்குற கோழி தண்ணியாத்தான் போகும், அதுக்கும் மருந்து வேணாம். கரும்பச்சையா கொஞ்சமா போச்சுன்னா பல நேரம் அது ரெண்டு நாளா எதுவுமே தின்னலன்னு அர்த்தம், பித்தம் மட்டும் இறங்குது, அப்ப ஏன் தின்னலன்னுதான் தேடணும்.

எச்சத்துல ரத்தம் தெரிஞ்சா, அதுலயும் ஒண்ணு ரெண்டு மாச குஞ்சா இருந்தா, பெரும்பாலும் ரத்தக்கழிச்சல். இது பாக்டீரியாவும் இல்ல வைரஸும் இல்ல, காக்ஸிடியான்னு குடல் செல்லுக்குள்ள பெருகுற ஒரு ஒட்டுண்ணி. மழைக்காலத்துல கூண்டு தரை ஈரமா கெடந்தா அதிகமா வரும். இதுக்கு ஆம்ப்ரோலியம்னு பொடி கடைல கிடைக்கும், பாக்கெட்ல போட்டுருக்குற அளவுப்படி தண்ணில கலந்து கொடுக்கணும், அத மட்டும்தான் குடிக்க வைக்கணும், பக்கத்துல நல்ல தண்ணி வச்சா அதக் குடிச்சுட்டு போயிடும். இங்க ஒரு தப்பு ரொம்ப பேரு பண்றாங்க, தெம்பு வரட்டும்னு அதே தண்ணில பி காம்ப்ளக்ஸ் டானிக்கையும் சேத்து ஊத்துறது. ஆம்ப்ரோலியம் வேலை செய்யுறதே வைட்டமின் பி1 மாதிரி வேஷம் போட்டு அந்த ஒட்டுண்ணிய பட்டினி போட்டுத்தான். நீங்க பி1ஐ கூடவே கொடுத்தா மருந்தோட வேகம் கொறஞ்சுடும். கோர்ஸ் முடியட்டும், அப்புறம் டானிக் கொடுங்க. மருந்து ஓடும்போதே தரைல கெடக்குற ஈர எருவ வாரி வெளிய கொட்டி காஞ்ச உமியோ மணலோ போடலன்னா பத்து நாள்ல திரும்ப வரும்.

வெள்ளையும் பச்சையும் கலந்து பீச்சுது, வாய தொறந்து மூச்சு வாங்குது, ரெண்டு நாள் கழிச்சு கழுத்து திருகுது, பக்கத்து வீட்டு கோழியும் விழுகுதுன்னா அது வெள்ளைக்கழிச்சலா இருக்கலாம், அதாவது ராணிக்கெட் நோய். இது வயித்து நோயே இல்ல, வைரஸ். வைரஸ கொல்ற மருந்துன்னு எதுவும் கிடையாது. இதுக்குப் போயி கழிச்சல நிறுத்த மனுஷங்க மாத்திரைய நுணுக்கி கொடுக்குறாங்க, ஒரு புண்ணியமும் இல்ல. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு அரைச்சு உருண்டை புடிச்சு கொடுக்குற வழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, நானும் கொடுப்பேன், தின்ன முடியுற கோழிக்கு அது ஒரு ஆதரவு. ஆனா அத நம்பி தடுப்பூசிய விட்டுராதீங்க. குஞ்சு பொரிச்சு 7வது நாள் கண்ணுல இல்லன்னா மூக்குல சொட்டு, அப்புறம் நாலாவது வாரம் லசோட்டாங்குற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில ஊசின்னு கணக்கு இருக்கு. அரசாங்க கால்நடை மருந்தகத்துல புறக்கடை கோழிகளுக்கு இலவச முகாம் போடுவாங்க, எப்பன்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்கங்க. தடுப்பு மருந்த ஐஸ் இல்லாம பைக் டேங்க் கவர்ல போட்டு வெயில்ல கொண்டுவந்தா அது வெறும் தண்ணிதான். அப்புறம் நோய் உள்ள வந்து ஒண்ணு ரெண்டு தூங்க ஆரம்பிச்ச பிறகு ஓடிப்போய் அந்த சீக்குக் கோழிக்கே ஊசி போடுறது, அது காப்பாத்தாது.

இப்ப இரைப்பை விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதுலதான் தப்பும் அதிகம், சரியா பண்ணா பலனும் அதிகம். கோழியோட கழுத்துக்கு கீழ, நெஞ்சுல அதோட வலது பக்கம் ஒரு பை தட்டுப்படும். சாயங்காலம் அடையும்போது எலுமிச்சம்பழம் மாதிரி நிறைஞ்சு இருக்கணும், விடியக்காலைல காலியா தட்டையா இருக்கணும். அதனால சந்தேகம்னா விடியுறதுக்கு முன்னாடி, தீனி வைக்காம, தொட்டுப் பாருங்க. பகல்ல தொட்டுப் பாத்துட்டு வீங்கியிருக்குன்னு வைத்தியம் பாக்குறது வெட்டி வேலை, அது தின்னதுதான் இருக்கும். காலைலயும் கெட்டியா, பெசஞ்ச மாவு உருண்டை மாதிரி, அமுக்குனா குழி விழுற மாதிரி இருந்தா அடைப்பு. தண்ணி ரொப்பின பலூன் மாதிரி தளதளன்னு இருந்து, வாய மோந்து பாத்தா புளிச்ச மாவு வாடை அடிச்சா அது வேற, உள்ள பூஞ்சை புளிச்சுக் கெடக்கு.

இந்த புளிச்ச இரைப்பைக்குத்தான் கோழிய தலைகீழா புடிச்சு அமுக்கி வாந்தி எடுக்க வைக்குற வீடியோல்லாம் சுத்துது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. வர்ற தண்ணி வாய் வரைக்கும் வந்துட்டு மூச்சுக்குழாய்க்குள்ள போயிட்டா என் கருப்பு பெட்டை கதைதான். இன்னொன்னு, இதுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தா பூஞ்சைக்கு போட்டியா இருக்குற நல்ல பாக்டீரியாவும் செத்து இன்னும் மோசமாகும், பல கோழிக்கு இது வர்றதே ஏற்கனவே கண்டபடி ஆன்டிபயாட்டிக் கொடுத்ததாலதான். பூஞ்சைக்கு தனி மருந்து இருக்கு, எடை பாத்து டாக்டர்தான் அளவு சொல்லணும். கெட்டியான அடைப்புன்னா தீனிய ஒரு நாள் நிறுத்திட்டு தண்ணி மட்டும் வைங்க, வெதுவெதுப்பான தண்ணி ரெண்டு மூணு மில்லி, தேங்காண்ணெய் ரெண்டு மூணு சொட்டு, அதே சொட்டு சொட்டா முறைல கொடுத்துட்டு, கோழிய நேரா உக்கார வச்சு விரல் நுனியால மெதுவா உருட்டி உருட்டி உடைக்கணும், அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ. சப்பாத்தி மாவு மாதிரி பெசையாதீங்க, அது தோல் மாதிரி மெல்லிசான பை. ரெண்டாவது நாளும் இளகலன்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போயிடுங்க, கீறி எடுத்து தையல் போடலாம், பல கோழி பொழைச்சு முட்டையும் வைக்குது. வீட்டு பிளேடால கீறுறது வைத்தியம் இல்ல, அந்த உசுர சித்திரவதை பண்றது.

அடைப்பு ஏன் வருதுன்னு பாத்தா பெரும்பாலும் நம்ம வாசல்லயே இருக்கும். சாக்கு நூல், நைலான் கயிறு, பூ கட்டுன நார், பாலிதீன், நீளமா அறுத்துப் போட்ட காஞ்ச புல். அப்புறம் கல்லு இல்லாதது. கோழிக்கு பல்லு கிடையாது, அரைக்குறது அரைவைப்பைதான், கறிக்கடைல உள்ள இருக்குற மஞ்சள் தோல உரிச்சுப் போடுவாங்களே அது. வெளிய மேயுற கோழி சின்ன சின்ன கல்ல தானே பொறுக்கிக்கும். சிமெண்ட் தரைல அடைச்சு வச்சா அதுக்கு கல்லு ஏது? முட்டை ஓட்டுக்கு போடுற கிளிஞ்சல் தூள் இதுக்கு ஆகாது, அது வயித்துல கரைஞ்சுடும். கருங்கல் ஜல்லி பொடில பச்சப்பயறு சைஸ் இருக்குறத சலிச்சு ஒரு தட்டுல வச்சாலே போதும்.

குடற்புழு மருந்துல நாம பண்ற தப்பு, அளவு தெரியாம கொடுக்குறது. மனுஷங்களுக்கான அல்பெண்டசோல் மாத்திரை 400 மில்லிகிராம், ஒன்றரை கிலோ கோழிக்கு தேவைப்படுறது அதுல பத்துல ஒரு பங்கு கூட கிடையாது. அரை மாத்திரைய வாயில போட்டுட்டு கோழி சுருண்டுடுச்சேன்னு அழுதவங்கள பாத்துருக்கேன். எலும்பும் தோலுமா மெலிஞ்சு, குடல் முழுக்க புழுவோட இருக்குற கோழிக்கு நீங்களா கணக்குப் போட்டு கொடுக்காதீங்க, செத்த புழுவெல்லாம் ஒரே நேரத்துல மொத்தமா சேந்து குடல அடைச்சிடும். இன்னொரு பக்கம் பைப்பரசின் கொடுத்துட்டு எல்லா புழுவும் போயிடுச்சுன்னு நம்புறது, அது உருண்டைப்புழுவுக்கு மட்டும்தான், எச்சத்துல சோத்துப்பருக்கை மாதிரி ஊர்ற நாடாப்புழுவ ஒண்ணும் பண்ணாது.

ஆன்டிபயாட்டிக்க பத்தி ஒண்ணே ஒண்ணு. கோலிஸ்டின்னு ஒரு மருந்து, மனுஷனுக்கு வேற எதுவும் கேக்காதப்ப கடைசியா கொடுக்குறது, அத கோழி மாதிரி உணவுக்கு வளர்க்குற பிராணிகளுக்கு விக்கவே கூடாதுன்னு 2019லயே தடை பண்ணிட்டாங்க. பழைய சரக்கு, பக்கத்து பண்ணைல மிச்சம்னு யாராவது கொடுத்தா வாங்காதீங்க. எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டைய சாப்பிடக்கூடாதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு அத்தனை நாள் முட்டைய தூரப் போடுங்க, குழந்தைங்க சாப்பிடுற முட்டை அது. "சாகுறதுக்குள்ள அறுத்துடலாம்"னு சொல்றதும் வேணாம், அறுக்குற எடத்துல சிந்துற ரத்தமும் இறகும்தான் தெரு முழுக்க நோய பரப்புது. செத்தத வாய்க்கால்ல வீசாம ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு புதைங்க.

வண்டி வாகனம் இல்லன்னா 1962க்கு போன் போடலாம், கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர். பேசும்போது கோழிக்கு எத்தனை மாசம், எச்சம் என்ன கலர், விடியக்காலைல இரைப்பை காலியா கெட்டியா, கடைசியா ஊசி எப்ப போட்டது, எத்தனை கோழிக்கு வந்துருக்கு, இத சொன்னா அவங்களுக்கு பாதி வேலை முடிஞ்சது. முடிஞ்சா அன்னைக்கு போட்ட எச்சத்த ஒரு டப்பால எடுத்து வச்சுக்கங்க, நுண்ணோக்கில பாத்தா புழு முட்டை தெரியும்.

தேறி வந்த கோழிக்கு மொத நாளே கம்பும் சோளமும் அள்ளி வைக்காதீங்க. ரெண்டு மூணு நாள் குழைஞ்ச சோறு, அவிச்ச முட்டை மசிச்சது, கொஞ்சம் கொஞ்சமா, நாளைக்கு நாலு வேளை. எச்சம் கெட்டிப்பட்டு காலைல இரைப்பை காலியாக ஆரம்பிச்ச பிறகு மத்த கோழிகளோட சேக்கலாம், ஆனா தொத்து நோயா இருந்திருந்தா எப்ப சேக்கலாம்னு டாக்டர கேட்டுக்கங்க. பகல்ல கொண்டுபோய் நடுவுல விட்டா புதுக்கோழின்னு நெனச்சு எல்லாம் சேந்து கொத்தி எடுத்துடும், பொழுதடைஞ்சு எல்லாம் அடைஞ்ச பிறகு, இருட்டுல, பக்கத்துல மெதுவா உக்கார வச்சுட்டு வந்துருங்க.