கோரை சிதறிக் கிடக்கிறதா, கூட்டமாக நிற்கிறதா? கையாலேயே ஒரு பாய்சான் கணக்கு

குவாட்ராட் சட்டத்தை (செடிகளை எண்ணத் தரையில் வைக்கும் சதுரச் சட்டகம்) வைத்து எண்ணத் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. ஒன்று மட்டும்: கண்ணை மூடிக்கொண்டு எறிவது சமவாய்ப்பு ஆகாது. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு இடம் குறியுங்கள்.

ஒரு தரிசில் 100 சட்டங்களில் கோரைத் தண்டுகளை எண்ணியதாக வைத்துக்கொள்வோம். காலிச் சட்டங்கள் 44. ஒரு தண்டு உள்ளவை 23, இரண்டு 14, மூன்று 10, நான்கு 6, ஐந்து 3. மொத்தம் 120 தண்டுகள்.

படி 1: சராசரி. 120 ÷ 100 = 1.2.

இந்தச் சின்ன வகுத்தலில்தான் நான் இரண்டு நாள்களைத் தொலைத்தேன். காலிச் சட்டங்களைக் குறிப்பேட்டில் ஏற்றாமலே விட்டிருந்தேன். இங்கே அப்படிச் செய்தால் 120 ஐ 56 ஆல் வகுத்து 2.14 என்பீர்கள், அதன்பின் எல்லாமே கோணல்தான். வெறும் மண்ணாக இருந்தாலும் 0 என்று எழுதிவிட்டு நகருங்கள்.

படி 2: நிகழ்தகவு. தண்டுகள் சமவாய்ப்பாகச் சிதறியிருந்தால் ஒரு சட்டத்தில் 0, 1, 2 என்று விழும் வாய்ப்பு எவ்வளவு? அதைச் சொல்வதுதான் பாய்சான் பரவல். 2.71828 ஐ −1.2 அடுக்குக்கு உயர்த்தினால் 0.3012, இது காலிச் சட்டத்துக்கு உரியது. அடுத்தவற்றுக்குப் பெரிய சூத்திரம் வேண்டாம். முந்தைய விடையை 1.2 ஆல் பெருக்கி, 1, 2 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போங்கள்: 0.3614, 0.2169.

படி 3: ஒவ்வொன்றையும் 100 ஆல் பெருக்குங்கள், எதிர்பார்க்கும் சட்டங்களின் எண்ணிக்கை வரும். 30.1, 36.1, 21.7. மீதமுள்ள 12.1 முழுவதும் 'மூன்றும் அதற்கு மேலும்' என்ற ஒரே வகுப்புக்கு. நான்கையும் ஐந்தையும் தனித்தனியே வைத்தால் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5 ஐக்கூட எட்டாது. கை-வர்க்கச் சோதனை (chi-square, எண்ணியது எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது) தடுமாறும்.

இப்போது ஒப்பிடுங்கள்: காலி 30 வர வேண்டிய இடத்தில் 44, மூன்றும் மேலும் 12 க்குப் பதில் 19. கை-வர்க்க மதிப்பு சுமார் 17.9. வகுப்புகள் நான்கு, மொத்தத்துக்கு ஒன்றும் சராசரிக்கு ஒன்றும் கழித்தால் 2, இதுதான் கட்டின்மை எண் (degrees of freedom). கை-வர்க்க அட்டவணையில் 2 க்கான வரிசையில் 5 சதவீத எல்லை 5.99, நம் மதிப்பு அதைத் தாண்டிவிட்டது. அதாவது இது சமவாய்ப்புச் சிதறல் அல்ல; காலிச் சட்டமும் நிறைந்த சட்டமும்தான் கூடுதல். எனவே கோரை கூட்டமாகத்தான் நிற்கிறது. தரைக்கடியில் கிழங்கு ஓடும் செடி வேறெப்படி நிற்கும்?

இந்தக் கணக்குக்கு எனக்குப் பிடித்தது லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள். ஆனால் முதல் முறை கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை: எக்செலின் பாய்சான் சார்பில் 1 க்கு 0.6626 வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கடைசி இடத்தில் 'ட்ரூ' கொடுத்திருக்கிறார். அது 0 ஐயும் 1 ஐயும் கூட்டிவிடும். 'ஃபால்ஸ்' என்று மாற்றுங்கள். இன்னொருவர் சிறிய சட்டம் வைத்தபோது விடை மாறியதாம். மாறும், அதனால் சட்டத்தின் பக்க அளவையும் அறிக்கையில் எழுதுங்கள்.