நல்ல சரக்கை வாங்கிப் பாழாக்கும் வழிகள்: பெர்ஃப்யூம் கலக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வீட்டிலேயே பெர்ஃப்யூம் கலக்கிப் பார்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒருவர் சின்னச் சின்ன பாட்டில்களோடு வந்து, "அக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க, எல்லாமே நேச்சுரல்" என்று நீட்டுவார். ஆரம்பத்தில் எல்லோரும் விழுகிற குழிகள் ஒன்றுதான், நானும் விழுந்து எழுந்தவள்தான், அதனால் மூடியைத் திறக்கும்போதே பாதி புரிந்துவிடும். கையுறை போடுங்கள், பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. காசு கொடுத்து வாங்கிய நல்ல இயற்கைச் சரக்கை எப்படியெல்லாம் வீணாக்குகிறோம் என்பது மட்டும்தான் பேச்சு.

மல்லிப்பூ வாசம் வரும்வரை ஊற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். சாயங்காலம் கோயில் வாசலில் பூக்காரம்மா முழம் போட்டுக் கொடுக்கும்போது வருமே, அந்த வாசனைதான் அவருக்கு வேண்டும். மல்லிகை அப்சல்யூட், அதாவது பூவிலிருந்து எடுத்த அடர்த்தியான வாசனைச் சாறு, 10 கிராம், ₹5,000-க்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தார். சரக்கில் குறையே இல்லை, அசல். பாட்டிலைத் திறந்து மோந்திருக்கிறார், பூ வாசம் வரவில்லை. டீத்தூள் மாதிரி, பழுத்த பழம் மாதிரி, அடியில் பீரோவில் போடுகிற பாச்சை உருண்டை மாதிரி ஏதோ அடித்திருக்கிறது. சரி, போதவில்லை போல என்று ஆல்கஹாலில் இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார். அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் 30 மில்லி பாட்டிலுக்குள் மொத்தப் பத்து கிராமும் போய்விட்டது. என்னிடம் வந்தபோது அது கருஞ்சிவப்பில் டிஞ்சர் போல இருந்தது, கர்ச்சீப்பில் ஒரு துளி விட்டால் ஆரஞ்சுக் கறை, துவைத்தாலும் போகாது. வாசனை? மல்லிப்பூ கிட்டேகூட வரவில்லை.

பூவும் அப்சல்யூட்டும் ஒன்றல்ல. மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பக்கம் பூ எடுக்கிற ஆலைகளில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மல்லி மொட்டாகத்தான் பறிக்கப்படுகிறது, மாலையில் இதழ் விரியும்போதுதான் மணமே கிளம்புகிறது. விரிந்த பூவை ஹெக்சேன் என்கிற கரைப்பானில் ஊறவைத்து, ஹெக்சேனை ஓட்டிவிட்டால் மெழுகு போல ஒன்று மிஞ்சும், அதற்குப் பெயர் கான்கிரீட். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் ஓட்டினால் அப்சல்யூட். ஆயிரம் கிலோ பூவுக்கு 1 கிலோ, மிஞ்சினால் 2 கிலோ கிடைக்கும். இத்தனை தடவை கரைப்பானை ஆவியாக்கும்போது பூவின் முதல் மூச்சில் வருகிற லேசான மூலக்கூறுகளும் கூடவே பறந்துவிடும், கனமானவை தங்கிவிடும். இண்டோல் தங்கும். அந்தப் பாச்சை உருண்டை நெடி அதுதான். அதனால் அப்சல்யூட்டைக் கூட்டக் கூட்ட, உங்களுக்குப் பிடிக்காத பக்கம்தான் கூடும், தொலைந்துபோன பச்சை வாசமும் குளிர்ச்சியும் எத்தனை கிராம் ஊற்றினாலும் திரும்பாது.

பெருங்காயத்தை டப்பாவிலிருந்து நேராக மோந்தால் முகம் சுளிக்கிறோம், ரசத்தில் ஒரு சிட்டிகை விழுந்தால் தெருவே மணக்கிறது. மல்லிகை அப்சல்யூட்டும் அந்த ஜாதி.

முதல் வேலை, 1 கிராம் அப்சல்யூட்டுக்கு 9 கிராம் ஆல்கஹால் எடை போட்டு 10 சதவீதக் கரைசல் செய்யுங்கள். அதிலிருந்து இன்னொரு பத்து மடங்கு நீர்க்கச் செய்து 1 சதவீதம். மோந்து பார்க்க வேண்டியது இந்த இரண்டைத்தான், பாட்டிலின் வாயை அல்ல. காகிதப் பட்டையில் தொட்டு உடனே ஒரு தடவை, கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை. ஒரு சதவீதத்தில்தான் பூ முதல்முறையாக எட்டிப் பார்க்கும், நம்ப மாட்டீர்கள். அப்புறம், தொலைந்த மேல்பக்கத்தைத் தனித்தனி வாசனை மூலக்கூறுகளால் கட்ட வேண்டும்: பென்சைல் அசிடேட், லினலூல், ஹெடியோன், பச்சை வாசத்துக்கு ஊசிமுனை அளவு சிஸ்-3-ஹெக்ஸெனால். இந்தக் கூட்டின் மேல் அப்சல்யூட் ஒன்றிரண்டு சதவீதம் விழுந்தாலே போதும், பூவுக்கு உயிர் வந்துவிடும். அந்தத் தம்பியின் பத்து கிராம் இந்தக் கணக்கில் அவருக்கு ஒரு வருஷத்துக்கு வந்திருக்கும்.

இதைச் சொன்னதும் அவர் கேட்டது, "கெமிக்கல் போட்டால் அப்புறம் நேச்சுரல் எப்படிக்கா?" இங்கேதான் எனக்குக் கோபமே வரும். ஹெடியோன் மல்லிகையிலேயே இருக்கிற ஒரு மூலக்கூறுக்கு நெருங்கிய சொந்தம். 1966-ல் வந்த ஓ சவாஜ் என்கிற பெர்ஃப்யூம் அதைப் பயன்படுத்திய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 1921-ல் வந்த சேனல் நம்பர் 5-ல் பிரான்ஸின் கிராஸ் ஊர் மல்லிகை உண்டு, நம் பிச்சிப்பூவின் இனம்தான், ஆனால் அந்த பெர்ஃப்யூமுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கூடவே இருந்த ஆல்டிஹைடுகள் என்கிற செயற்கை வாசனைப் பொருள்கள். முழுக்க இயற்கையாகத்தான் செய்வேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், பென்சைல் அசிடேட்டுக்கு இலாங் இலாங் பூ எண்ணெய், லினலூலுக்கு ஹோ வுட் மர எண்ணெய் என்று வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் வருவது ஒரு அழகான மல்லிகை வாசனையாக இருக்கும், பூக்காரம்மா கூடையாக இருக்காது. இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பாட்டிலைத் திறங்கள்.

இன்னொன்று. "நீராவியில் வடித்த சுத்த மல்லிகை எசென்ஷியல் ஆயில்" என்று 30 மில்லி ₹300-க்கு விற்பதை வாங்காதீர்கள். மல்லி அந்தச் சூட்டைத் தாங்காது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் மல்லியைச் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் எடுப்பார்கள், அது வேறு கதை, அதன் விலையும் வேறு.

சந்தனத்தை மூக்கை மட்டும் நம்பி வாங்குவது

கிலோ லட்ச ரூபாயைத் தாண்டுகிற எண்ணெய் 100 மில்லி ₹2,000-க்குக் கிடைக்கிறது என்றால், விற்கிறவர் உங்களுக்குத் தர்மம் செய்கிறாரா என்ன? பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் என் கண்ணெதிரே ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் கொடுத்தார்கள், "மைசூர் அசல்மா" என்று வேறு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 1 மில்லி எண்ணெயில் 70 சதவீத ஆல்கஹால் 5 மில்லி சேர்த்துக் குலுக்குங்கள். நல்ல சந்தன எண்ணெய் என்றால் தெளிவாக இருக்கும். விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கலந்திருந்தால் பால் போலக் கலங்கி, கொஞ்ச நேரத்தில் துளித்துளியாகப் பிரியும். தெளிந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள், செயற்கைச் சந்தன வாசனையை இது பிடிக்காது. அதற்கு ஜிசி ரிப்போர்ட்தான், எண்ணெயில் எது எத்தனை சதவீதம் என்று ஆய்வகம் பிரித்துக் காட்டுவது. சந்தன மணத்தின் முக்கிய மூலக்கூறு சாண்டலால். இந்தியச் சந்தனத்துக்கான ஐஎஸ்ஓ அளவு, ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சாண்டலால் 16 முதல் 24. ரிப்போர்ட்டில் இருக்கிற லாட் நம்பரும் பாட்டிலில் இருக்கிற லாட் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள், ஏதோ ஒரு நல்ல லாட்டின் பிடிஎஃப்பை எல்லோருக்கும் அனுப்புகிற வழக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஸ்பிகேட்டம் சந்தனம் போலி அல்ல, ஆனால் அதில் சாண்டலால் குறைவு, காய்ந்த வாசனை. அதை அதன் பெயரிலேயே, அதன் விலைக்கே வாங்கினால் தப்பில்லை.

சொட்டுக் கணக்கு

வேண்டாம். 0.01 கிராம் காட்டுகிற தராசு வாங்குங்கள்.

சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலப்பது

அதன் நெடியே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கூடாது.

கத்திரி வெயிலில் எலுமிச்சை வகைகள்

எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் எண்ணெய்களைப் பாதி காலியான பெரிய பாட்டிலில் சமையலறை அலமாரியில் வைக்கிறார்கள். உள்ளே இருக்கிற காற்றும் நம் ஊர் மே மாதமும் சேர்ந்தால் இவற்றில் இருக்கிற லிமோனீன் ஆக்ஸிஜனேற்றம் அடையும், வாசனை வார்னிஷ் பக்கம் போகும், தோலில் பட்டால் சிலருக்குத் தடிக்கும். சின்ன பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். பிழிந்தெடுத்த பெர்கமாட்டில் பெர்காப்டன் உண்டு, அது வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும். வெயில் படுகிற தோலுக்கு 0.4 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது இஃப்ரா, அதாவது சர்வதேச வாசனைப் பொருள் சங்கம், வைத்த வரம்பு. பெர்காப்டன் நீக்கிய எண்ணெயும் கிடைக்கிறது, மெரினாவில் மத்தியானம் நடக்கிற ஊரில் அதை வாங்குவதே நல்லது.

ஒரே வெட்டிவேர் மறுபடியும் வரும் என்று நினைப்பது

கடலூர்ப் பக்கத்து மணலில் விளைகிற வேரும் ஹெய்தி வேரும் ஒரே புல்தான், எண்ணெய் வேறு வேறு. ஒரே தோட்டத்திலும் வேரின் வயது, எத்தனை மணி நேரம் காய்ச்சினார்கள் என்பதைப் பொறுத்து, போன லாட்டில் ஈரமண்ணாக இருந்தது இந்த லாட்டில் புகையாக வரும். சாம்பிளை வைத்து பார்முலாவை முடித்து, ஐம்பது பேரிடம் ஆர்டரும் பிடித்துவிட்டு, அப்புறம் சரக்கு வாங்கப் போகிறவர்கள் தவிக்கிறதைப் பார்த்திருக்கிறேன். சாம்பிள் பிடித்ததா, அதே லாட்டில் ஒரு வருஷத்துக்கு வேண்டியதை அன்றைக்கே எடுத்து வையுங்கள். தீருவதற்கு முன் பழையதில் 10 மில்லியைத் தனியே மூடி வைத்து, புதியதைப் பக்கத்தில் வைத்து மோந்து, பார்முலாவைத் திருத்துங்கள்.

ஊது

அகில் கட்டையிலிருந்து எடுக்கிற எண்ணெய். முதல் வருஷம் வாங்கவே வாங்காதீர்கள். கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும்.