காசில்லாத அணிக்குப் பயிற்சியாளராக இருப்பது எப்படி

பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கயிறு வாங்குங்கள். பன்னிரண்டு மீட்டர் அளந்து, இரு முனைகளையும் சேர்த்துக் கட்டி, அந்தக் கட்டிலிருந்து மூன்றாவது மீட்டரிலும் ஏழாவது மீட்டரிலும் ஒவ்வொரு முடிச்சுப் போடுங்கள். மூன்று இடத்திலும் முளை வைத்து இழுத்துப் பிடித்தால் மூன்று, நான்கு, ஐந்து மீட்டர்ப் பக்கங்கள் கொண்ட முக்கோணம் கிடைக்கும். மூன்றும் நான்கும் சந்திக்கும் இடத்தில் செங்கோணம் பிசகாமல் நிற்கும். அதுதான் உங்கள் மைதானத்தின் முதல் மூலை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் தாராளம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் முப்பத்தொரு ஆண்டுகளாகச் சிறுவர் கால்பந்து அணியை நடத்துகிறேன். ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். புதிதாக அணி தொடங்க விரும்பும் இளைஞர்கள் என்னிடம் வந்தால் ஆட்ட முறையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் கயிற்றை எடுத்துக் கொடுப்பேன். கோணலான கோட்டுக்குள் ஓடும் பிள்ளைக்குத் தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்பது உடனே புரிந்துவிடும். நேரான வெள்ளைக் கோட்டைப் பார்க்கும் பிள்ளை காலுறையை இழுத்து விட்டுக்கொள்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதை எனக்கு உறுதிப்படுத்தியவர் நான் நேரில் பார்க்காத ஒருவர். 1998-இல் என் அக்கா மகன் படிப்புக்காக அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குப் போனான். விடுமுறைக்குத் திரும்பியபோது ஒரு கட்டுச் செய்தித்தாள் நறுக்குகளை என் கையில் வைத்து, "மாமா, இவர் உங்களைப் போலவே கோடு போட்டிருக்கிறார்" என்றான். எடி ராபின்சன் என்ற கல்லூரிப் பயிற்சியாளரைப் பற்றிய செய்திகள் அவை. அமெரிக்கக் கால்பந்து நம்முடைய ஆட்டம் அல்ல. நீள்வட்டப் பந்து, ரக்பிக்குத்தான் நெருங்கிய உறவு, நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஆனால் அன்றிரவு நான் படித்தது விதிகளை அல்ல.

ராபின்சன் 1919-இல் லூசியானாவின் ஜாக்சன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா குத்தகை விவசாயி, அம்மா வீட்டு வேலை செய்தவர். கல்லூரிப் படிப்பு முடிந்ததும் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தார். 1941-இல், 22 வயதில், கிராம்ப்ளிங் என்ற சிற்றூரில் இருந்த கறுப்பினத்தவர் கல்லூரி அவரைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. சம்பளம் மாதம் 63 டாலர் 75 சென்ட். அவரே புல் வெட்டினார், அவரே கோடு போட்டார், ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்கு அவரே கட்டுப் போட்டார். முதல் ஆண்டு மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த ஆண்டு ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி; எதிரணியால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை.

கோட்டுக்குத் தூள் வாங்கும்போது கவனம் தேவை. என் முதல் ஆண்டில், கட்டட வேலைக்கு விற்கும் நீற்றிய சுண்ணாம்பைத் தூவினேன். இரவு மழை பெய்திருந்தது. காலையில் சறுக்கி விழுந்த ஒரு சிறுவனின் முழங்கால் வெந்துபோனது. ஈரத்தோடு சேர்ந்த சுண்ணாம்பு தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். அந்தப் பிள்ளையின் அம்மா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. அரைத்த சுண்ணக்கல் தூளையோ, மைதானத்துக்கென்றே விற்கும் வெள்ளைத் தூளையோ மட்டும் வாங்குங்கள். அடியில் ஆணியால் துளையிட்ட பால்மாவு டின் போதும், வண்டி வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. பந்துக்கும் சட்டைக்கும் பணம் சேர்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ராபின்சனின் அணி வெளியூர் போனால் வழியில் இருந்த வெள்ளையர் உணவகங்களில் அவர்களுக்கு இடம் இல்லை. ஆகவே ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே எதையாவது வைத்து, பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டுவதும் பயிற்சியாளரின் வேலையாயிற்று. அந்த வரியைப் படித்தபோது என் ஆயாவை, அதாவது பாட்டியை, நினைத்துக்கொண்டேன். நாங்கள் நிறவெறி ஆட்சிக் காலத்தில் டர்பனின் மேகசின் பாரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். அப்பா மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்துக்கு என்னைத் தோளில் தூக்கிப் போவார். ஜோஹன்னஸ்பர்க்கில் சித்தப்பா வீட்டுக்குப் புறப்பட்டால் ஆயா விடியுமுன் எழுந்து ரொட்டியில் உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டித் துணியில் கட்டுவார். வழியில் எந்தக் கடை வாசலில் நம்மை நிறுத்திவிடுவார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே அந்தப் பொட்டலம் அவ்வளவு பெரிதாக இருந்தது.

இன்று எந்தக் கடைக்குள்ளும் நுழையலாம். ஆனால் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை இன்றும் உண்டு. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் எல்லாருக்கும் ரொட்டியும் நிலக்கடலை வெண்ணெயும் ஒரு வாழைப்பழமும் கொடுங்கள். எல்லாருக்கும் என்பது முக்கியம். பசித்தவர் யார் என்று கேட்டால் பசித்த பிள்ளை கை தூக்காது. ஆட்டம் முடிந்ததும் என் மனைவி பெரிய பானையில் சுகர் பீன்ஸ் கறி கொண்டுவருவாள். ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்புவதை இங்கே 'பன்னி சௌ' என்போம்; ஆளுக்குக் கால் ரொட்டி. தோற்ற நாளில் கறி கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

பயிற்சிக்கு வராத பிள்ளையைப் பட்டியலில் இருந்து அடிப்பதற்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போங்கள். ராபின்சனின் தொடக்க காலத்தில் அண்ணன் தம்பி இருவரை அவர்களுடைய அப்பா பருத்தி எடுக்க அழைத்துக்கொண்டுவிட்டார். ராபின்சன் அவரோடு வாதாடவில்லை. அணி முழுவதையும் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்கே போய்ப் பருத்தியை எடுத்து முடித்தார்கள். பிள்ளைகள் ஆடத் திரும்பினார்கள். அமெரிக்கப் பயிற்சியாளர்களைப் பற்றி நான் படித்தவற்றில் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை.

எங்கள் அணியில் ஒரு கோல்கீப்பர் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவனை வளர்ப்பது ஆயா. எங்கள் சாட்ஸ்வொர்த்தின் வெஸ்ட்கிளிஃப் பகுதியில் 'பங்களாதேஷ்' என்று பெயர்கொண்ட சந்தையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் விற்பவர். "பெட்டி தூக்க எனக்கு முடியவில்லை சார். இவன் வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்றார். அடுத்த சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரிய பையன்கள் ஆறு பேரோடு சந்தைக்குப் போனோம். இருபது நிமிடத்தில் பெட்டிகள் இறங்கின, மேசை விரிந்தது. ஒன்பது மணி ஆட்டத்துக்கு அவன் வலைக்கு முன்னால் நின்றான். அந்தப் பருவம் முழுவதும் முறை வைத்துப் போனோம். ஆயா ஒவ்வொரு முறையும் ஒரு கட்டுக் கீரை கொடுத்து அனுப்புவார். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் அது தர்மமாகிவிடும், அவருக்கு அது பிடிக்காது.

வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று பேசாதீர்கள். உட்காருங்கள், தேநீர் குடியுங்கள். பிள்ளையின் ஆட்டத்தைப் பற்றி நல்லதாக ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பிறகுதான் நேரம், போக்குவரத்து, செலவு.

படிப்பைப் பற்றி: ராபின்சன் காலையில் மாட்டு மணியை அடித்துக்கொண்டே விடுதி முழுக்க நடப்பார், யாரும் வகுப்பைத் தவறவிடக் கூடாது என்று. தானும் படித்துக்கொண்டே இருந்தார். 1954-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். நமக்கு விடுதி இல்லை. ஆண்டின் நான்கு பருவத் தேர்வு அட்டைகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மதிப்பெண் குறைந்தவனை அணியிலிருந்து நீக்காதீர்கள். அவனைப் பிடித்துவைத்திருக்கும் ஒரே கயிறு இந்த அணியாக இருக்கலாம். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் வரச் சொல்லி மூத்த பையன் ஒருவனோடு உட்கார வையுங்கள்.

ஆட்ட முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிசகு நீங்கும்வரை அதையே செய்யுங்கள். ராபின்சன் விங்-டி என்ற ஒரே அமைப்பைப் பல பத்தாண்டுகள் நம்பினார். பத்து வயதுக்குப் பந்தை நிறுத்துவதும் நிமிர்ந்து பார்த்துக் கொடுப்பதும் போதும்.

ஆட்டம் முடிந்த இரவே நூறு சொல்லில் செய்தி எழுதி வட்டார வார இதழுக்கு அனுப்புங்கள். யாரும் தேடி வந்து எழுத மாட்டார்கள். ராபின்சனும் ஆரம்பத்தில் தன் ஆட்டச் செய்திகளைத் தானே எழுதினார். 1948-இல் காலி நிக்கல்சன் என்பவர் அந்தச் செய்திப் பணிக்கு வந்த பிறகு கிராம்ப்ளிங்கின் பெயர் நாடெங்கும் பரவியது. மறு ஆண்டே அங்கு ஆடிய டேங்க் யங்கர் தொழில்முறை அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து அங்கு போன முதல் ஆள் அவர். பின்னால் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். செய்தியில் பெயர்களின் எழுத்தை இருமுறை சரிபாருங்கள். அந்தத் துண்டை வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கும் குடும்பங்கள் உண்டு.

கடைசியாக, விலகுவது. ராபின்சன் 1985-இல் 324-ஆவது வெற்றியோடு பேர் பிரையண்ட் என்ற கல்லூரிப் பயிற்சியாளரின் சாதனையைக் கடந்தார். மொத்தம் 408 வெற்றிகள். ஒரே வேலை, ஒரே மனைவி, அதுவே என் உண்மையான சாதனை என்பார். ஆனால் கடைசி மூன்று பருவங்களிலும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். 1997 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் அவருடைய கடைசி ஆட்டமும் தோல்விதான். அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். மூன்று ஆண்டு முன்பே அவர் ஒப்படைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் இடத்துக்கு வந்தவர் அவரிடமே ஆடிய டக் வில்லியம்ஸ். சூப்பர் பவுல் என்ற தொழில்முறை இறுதியாட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஆடிய முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்), 1988-இல் அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவரே.

ஆகவே முதல் நாளிலிருந்தே ஒருவரைத் தயார் செய்யுங்கள். சந்தைப் பெட்டி தூக்கிய அந்த ஆறு பையன்களில் ஒருவன் இப்போது முப்பத்து நான்கு வயதுக்காரன். சென்ற பருவத்தில் வருகைப் பதிவேட்டையும் சாமான் அறைச் சாவியையும் அவனிடம் கொடுத்துவிட்டேன். யார் ஆடுவது, யார் உட்காருவது என்பதை அவன்தான் முடிவு செய்கிறான். நான் வாய் திறப்பதில்லை. கயிறும் டின்னும் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தால் கோடு போடக் கற்றுத் தருகிறேன்.