பல் கடிப்பால் உடம்பு சாய்கிறதா? பல்லை ராவும் முன் பார்க்க வேண்டியவை

கழுத்து வலி, தோள் வலி என்று என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்களில் சிலர், "கடிப்பு (மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரும் விதம்) கோணலாக இருப்பதால்தான் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பல்லை ராவிச் சமன் செய்ய நாள் குறித்துவிட்டு வருகிறார்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது. அதனால் முதலில் வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தளரவிட்டு, மேல் பல்லில் கீழ்ப் பல் லேசாகத் தட்டும்படி இரண்டு மூன்று முறை வாயை மூடுங்கள். எந்தப் பல் முதலில் தொடுகிறது? இப்போது தலையைப் பின்னால் சாய்த்து, கூரையைப் பார்த்தபடி தட்டுங்கள். பெரும்பாலும் தொடும் இடம் கடைவாய்ப் பக்கம் நகர்ந்திருக்கும். குனிந்தபடி தட்டினால் முன்னால் வரும். கீழ்த்தாடை மண்டையோட்டிலிருந்து இரண்டு மூட்டுகளிலும் சில தசைகளிலும் தொங்குகிறது; தலை சாயும்போது அது இருக்கும் இடமும் மாறும். நாள் முழுக்கக் கழுத்தை நீட்டித் திரையைப் பார்ப்பவருக்கு, கடிப்பைக் குறை சொல்லும் முன் கழுத்தைத்தான் பார்க்க வேண்டும். எந்தப் பல் எங்கே தொடுகிறது என்று அடையாளம் காட்டும் மைத்தாளைப் பல் டாக்டர் கடிக்கச் சொல்லும்போது, படுத்த நிலையில் மட்டுமில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்தும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, கடிப்பு மாறினால் நிற்கும் சமநிலை மாறுகிறதா என்று பாருங்கள். சுவர் மூலைக்கு முதுகு காட்டி, பாதங்களைச் சேர்த்து, கைகளை மார்பில் கட்டி நில்லுங்கள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒருவர் அவசியம். ஏற்கெனவே தலைசுற்றல் இருப்பவர்களும் விழும் பயம் உள்ளவர்களும் இதைச் செய்ய வேண்டாம். கண்ணை மூடி 30 விநாடி: ஒருமுறை பல் படாமல், ஒருமுறை லேசாகச் சேர்த்து, ஒருமுறை இறுகக் கடித்து. வரிசையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பழகப் பழக ஆட்டம் தானாகவே குறையும், அதைக் கடிப்பின் பலன் என்று நினைத்துவிடக் கூடாது.

பலருக்கு வித்தியாசமே தெரியாது. நிற்பதற்கு உடம்பு முதலில் நம்புவது கண், உள்காது, பாதமும் கழுத்தும் தரும் உணர்வு ஆகியவற்றைத்தான். பல்லிலிருந்தும் தாடைத் தசையிலிருந்தும் போகும் தகவலின் பங்கு சிறியது. ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இறுகக் கடித்தால் கொஞ்சம் உறுதியாக நிற்பதுபோல இருந்தால், அதற்கும் காரணம் உண்டு. கைகளைக் கோத்து இழுத்தால் முழங்கால் அனிச்சை (முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதைப்பது) கூடுவதை 1880-களில் யெண்ட்ராசிக் என்ற ஹங்கேரிய மருத்துவர் காட்டினார். பல்லைக் கடித்தாலும் அப்படித்தான் நடக்கும். தசை பொதுவாக முறுக்கேறுகிறது, அவ்வளவுதான். அதனால் கடிப்பு சரியென்றும் ஆகாது, தவறென்றும் ஆகாது.

சரி, தினமும் என்ன செய்வது? உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேர வேண்டாம். சும்மா இருக்கும்போது மேல், கீழ்ப் பற்களுக்கு இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில் படட்டும். காதுக்குக் கீழே தாடை வளையும் இடத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து ஒருமுறை கடியுங்கள்; கட்டியாக ஒரு தசை எழும்பும். வேலைக்கு நடுவே அங்கே விரல் வைத்துப் பாருங்கள். கடிக்காமலே கெட்டியாக இருந்தால் மூச்சை விட்டுத் தாடையைத் தளர்த்துங்கள். என் அனுபவத்தில், கழுத்து வலிக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் கொடுக்கும் நிம்மதி பெரியது.

அப்புறம், படுக்கையில் புரளும்போது உலகமே சுற்றினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். பேச்சுக் குழறல், முகம் கோணுதல், ஒரு பக்கம் பலவீனம் சேர்ந்து வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வாய் திறக்காமல் மூட்டு மாட்டிக்கொண்டாலோ, கடிப்பு திடீரென மாறினாலோ, காலையில் தாடை வலியோடு எழுந்தாலோ பல் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் அங்கே ராவுவதைப் பற்றிப் பேச்சு வந்தால், நைட் கார்டு (இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை) போல, கழற்றி வைக்கக்கூடிய ஒன்றை முதலில் முயன்று பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.