கல்லீரல் ஸ்கேனில் சிரைகளைப் பிரித்தறிவது எப்படி

கல்லீரலின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பழகுபவர்கள், திரையில் கறுப்பாகத் தெரியும் குழாய்களில் எது போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவருவது), எது கல்லீரல் சிரை (கல்லீரலிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச்செல்வது) என்பதைச் சுவரின் வெண்மையைக் கொண்டே தீர்மானித்துவிடுவதுண்டு. அந்த அடையாளம் பயனுள்ளதுதான். ஆனால் அது மட்டும் போதாது.

வயிறு வெறுமையாக இருக்கும்போது, 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வளைமுகப் புரோப்பை (ஒலியலை அனுப்பிப் பெறும் கைக்கருவி) வலப்பக்க விலாவுக்குக் கீழே வைத்து, வலத் தோளை நோக்கிச் சாய்க்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தால் கல்லீரல் கீழே இறங்கித் தெளிவாகத் தெரியும். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதிகளில் பணிபுரிபவர்கள் இதைத் தமிழிலும் மலையாளத்திலும் நிதானமாகச் சொல்லப் பழகிக்கொள்வது அவசியம். பதற்றத்தோடு படுத்திருப்பவருக்குத் தன் மொழியில் கேட்பதே விளங்கும்.

போர்ட்டல் சிரையையும், அதனுடன் செல்லும் கல்லீரல் தமனியையும் பித்தநாளத்தையும் ஒரு நார்த்திசு உறை சூழ்ந்திருப்பதால் அதன் சுவர் வெண்மையாகத் தெரிகிறது. கல்லீரல் சிரைக்கு அவ்வுறை இல்லை. எனினும், ஒலிக்கற்றை செங்குத்தாகப் படும் இடத்தில் கல்லீரல் சிரையின் சுவரும் பளிச்சிடும். கொழுப்புக் கல்லீரலிலோ திசுவே வெளுத்திருப்பதால் போர்ட்டல் சுவர் எடுப்பாகத் தெரியாது. ஆகவே குழாயை விடாமல் பின்தொடர்ந்து பாருங்கள்: உதரவிதானத்தை நோக்கி அகன்று, இதயத்துக்குச் செல்லும் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்ந்தால் அது கல்லீரல் சிரை, போர்ட்டல் சிரை உள்ளே நுழையும் கல்லீரலின் வாயிலை நோக்கி அகன்றால் அது போர்ட்டல் சிரை. என் கணிப்பில் இதைவிட நம்பகமான வழி வேறில்லை.

அதன் பிறகே இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர். ஓட்டத்தின் திசையை நிறத்தால் காட்டும் வண்ண அளவுகோல் தலைகீழாக மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தை அளக்கும்போது ஒலிக்கற்றைக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 பாகைக்கு மிகக் கூடாது. போர்ட்டல் ஓட்டம் கல்லீரலுக்குள் ஏறக்குறைய சீராகச் செல்லும். கல்லீரல் சிரையின் ஓட்ட அலையோ, இதயத்தின் வல மேலறையின் இயக்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஆழ்ந்து மூச்சடக்கினால் அந்த ஏற்ற இறக்கம் மங்கும் என்பதால், இந்த வேளையில் இயல்பான மூச்சை இடையில் சற்றே நிறுத்தச் சொல்லுங்கள். கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோயில் கல்லீரல் சிரை அலை தட்டையாகலாம்; போர்ட்டல் ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பவும் கூடும். அப்போது அலையை மட்டும் நம்பிப் பெயரிட்டால் நோயையே தவறவிட நேரும்.

போர்ட்டல் சிரையை ஒட்டிய சிறு குழாயில் துடிப்பு இருந்தால் தமனி. வண்ணமே ஏறாவிட்டால் பெரும்பாலும் பித்தநாளம். எந்தக் குழாயிலும் ஓட்டமில்லை என்று எழுதுமுன், வேக அளவுகோலைக் குறைத்து, புரோப்பின் கோணத்தை மாற்றி மீண்டும் பாருங்கள்.