யாழ்ப்பாணத்திலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு: முதன்முறை மலை நடை போவோருக்கான செய்முறை விளக்கம்

இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளியில் உள்ள உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பைப் பெரும்பாலான நாள்களில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி மறைத்துவிடும். நான் முதன்முறை போனபோது அவ்விடத்தை அடைந்த நேரம் பத்தரை. காலடியில் இருந்த புல் நுனிகள் தெரிந்தன. அதற்கப்பால் வெள்ளைச் சுவர் ஒன்றுதான் இருந்தது. ஏறத்தாழ 870 மீட்டர் ஆழமான பள்ளம் முன்னால் கிடக்கிறது என்பதைக் கீழிருந்து முகத்தில் அடித்த ஈரக்காற்றால் மட்டுமே உணர்ந்தோம். ஆகவே இப்பயணத்தின் ஒவ்வோர் ஆயத்தத்தையும் அந்த ஒன்பது மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே செய்ய வேண்டும்.

சமவெளி என்ற பெயர் நம்மவர்களை ஏமாற்றிவிடுகிறது. இப்பூங்கா கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் உள்ள புல்வெளியும் முகிற்காடும் கலந்த நிலம். 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்நிலம், 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. மழையோடு மரங்களின் பாசி பிடித்த கிளைகள் மூடுபனியிலிருந்து வடித்தெடுக்கும் ஈரமும் அந்த நீரில் சேர்கிறது. கிணற்று நீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டவர்களுக்கு இந்தக் காட்டின் அருமையை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கால்களைப் பழக்குங்கள்

கீரிமலை என்று ஊர்ப்பெயர் இருந்தாலும் குடாநாட்டில் ஏறிப் பழக மலை கிடையாது. வடமராட்சி கிழக்கில் உள்ள மணற்காட்டு மணற்குன்றுகளே நமக்கு வாய்த்த நல்ல பயிற்சிக்களம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் விரைவாக நடந்து, வார இறுதியில் அக்குன்றுகளில் ஏறி இறங்கினால், தொடையும் கெண்டைக்காலும் உரம் பெறும். எந்தச் சப்பாத்துடன் மலைக்குப் போகப் போகிறீர்களோ அதை அணிந்தே இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள், ஏனெனில் பயணத்துக்காக முதல்நாள் வாங்கிய புதுச் சப்பாத்து நாலாவது கிலோமீற்றரில் குதிக்காலை உரித்துவிடும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டு முடிவெடுப்பது நல்லது.

நாளும் வழியும்

சனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் மழை குறைந்தவை. ஆனால் சனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. ஏப்ரலில் நுவரெலியா சன நெரிசலில் திணறும், அதைத் தவிருங்கள். ஏ9 வீதி வழியே கண்டிவரை 321 கிலோமீற்றர். அங்கிருந்து வேறு பேருந்தில் நுவரெலியா. இரவுப் பேருந்தில் வந்து இறங்கியவுடனேயே நடக்கத் தொடங்குவோரைக் கண்டிருக்கிறேன். அது சரியான முறையன்று. ஒரு நாள் முன்னதாக வந்து நுவரெலியாவில் தங்கி, உடல் குளிருக்குப் பழகட்டும். அங்கே தங்கிய முதல் இரவு, வீட்டிலிருந்து கொண்டு போன தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், ஒரு சொட்டும் விழவில்லை. எண்ணெய் முழுவதும் வெண்ணெய்போல் உறைந்திருந்தது. நமது வெயிலுக்கு ஏற்ற உடுப்பு அங்கே போதாது என்பதை அந்தப் போத்தலே எனக்கு உணர்த்திற்று.

பையில் வைக்க வேண்டியவை

பருத்திச் சட்டை நனைந்தால் எளிதில் காயாது, உடற்சூட்டையும் உறிஞ்சிவிடும். எனவே விரைவில் காயும் மெல்லிய சட்டை ஒன்று, அதன்மேல் கம்பளிச் சுவெட்டர், எல்லாவற்றுக்கும் மேலாக மழைக்கோட்டு என அடுக்காக அணியுங்கள்; வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். தொப்பியும் மாற்றுக் காலுறையும் ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீரும் கட்டாயம்.

பொலித்தீனுக்குப் பூங்காவுக்குள் இடமில்லை. நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் விளம்பரத் தாளைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். நமக்கு இதில் இடர் ஏதுமில்லை. புட்டையும் சம்பலையும் வாட்டிய வாழையிலையில் பொதி கட்டுங்கள். பனங்கட்டித் துண்டுகள், எள்ளுருண்டை, பனாட்டு ஆகியவற்றைச் சிறிய எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் களைக்கும்போது கடித்துக்கொள்ளக் கடையில் விற்கும் இனிப்புகளைவிடப் பனங்கட்டியே மேல் என்பது என் அனுபவம். உண்டபின் இலையையும் டப்பாவையும் திரும்பக் கொண்டு வந்துவிட வேண்டும்.

நடக்கும் நாள்

காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீற்றர் மலைப்பாதை. வாடகை வான் வண்டியை முதல்நாள் மாலையே பேசி வைத்து, ஐந்து மணிக்குள் புறப்படுங்கள். நடை தொடங்கும் பார் இன் என்ற இடத்திலிருந்து ஒரு வட்டமாகச் சுற்றி வர ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவு என்னும் சிறிய விளிம்புக்கும் அதைத் தாண்டி உலக முடிவுக்கும் போகும் கிளையையே முதலில் எடுங்கள். மறு கிளையில் உள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி எந்த நேரமும் அங்கேதான் விழுந்துகொண்டிருக்கும், பள்ளத்தின் காட்சியோ காத்திராது.

முதல் அரை மணி நேரம் மெதுவாக, பக்கத்தில் வருபவருடன் தடையின்றிப் பேசக்கூடிய வேகத்தில் நடங்கள். பேச்சு தடைப்பட்டு மூச்சு வாங்கினால் நின்று விடுங்கள். பாதையில் செந்நிறக் கற்களும் வேர்களும் காலைப் பனியில் வழுக்கும், குதிக்காலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் பதித்து இறங்க வேண்டும். விளிம்பில் நின்று படம் எடுக்கும்போது பின்னோக்கி ஓர் அடியும் வைக்காதீர்கள். பிள்ளைகளைக் கைபிடித்தே வைத்திருங்கள்.

திரும்பி வரும்போது பார் இன் அருகே மரைகள் என்னும் பெரிய மான்கள் மனிதர்களுக்கு அஞ்சாமல் நெருங்கி வரும். எவ்வளவு அன்பு மேலிட்டாலும் உணவு கொடுக்காதீர்கள். கையேந்திப் பழகிய மரை புல்லை விட்டுக் குப்பையைத் தேடத் தொடங்கிவிடும். வண்டியில் ஏறியதும் ஈரக் காலுறையை மாற்றுங்கள், யாழ்ப்பாணம் வரை நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.